வேனுக்குள் உட்கார்ந்து கேட்டவர்

டாயில் ஹேஸ்கெட்டுக்கு வாய்த்த ஒரே சொத்து அவருடைய காது. அதை அவர் சும்மா வைத்திருக்கவில்லை, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மேட்டுச் சாலையில் ஏறி வருவது யாருடைய லாரி, அதில் எந்தப் பக்கத்துச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தபடியே சொல்வார். முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். தேவாலயத்துப் பாடகர் குழுவில் ஒரு அம்மாள் சுருதி விலகிப் பாடுவதை வாராவாரம் அவரிடமே போய்ச் சொல்லி, கடைசியில் அந்த அம்மாள் பாடுவதையே நிறுத்திவிட்டார். டாயிலின் மனைவி நோரீன் இதற்கெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஒருநாள் அந்தக் காதைக் கழட்டி அடுப்புல போடத்தான் போறேன்."

"போடு. எந்த விறகு முதல்ல பிடிக்குதுன்னு அதுலேருந்தும் சொல்லுவேன்."

காது இப்படி இருந்தாலும் கை கொடுத்து வைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அப்பா ஒரு கிட்டார் வாங்கித் தந்தார். ஆறு வருடம் முக்கி முனகியும் அந்தத் தடித்த விரல்கள் தந்தியில் ஒழுங்காக நிற்கவில்லை. ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கியது. பதினெட்டு வயதில் அதை அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு, மேடாக்ஸ் நகர வானொலியில் கம்பி இழுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். வாசிக்க முடியாதவன் கேட்கவாவது வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அதன்பிறகு அவரைப்போல் கிட்டார் கேட்டவர் எங்கள் மிசிசிப்பி வடக்கு மேட்டில் யாரும் இல்லை. இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது.

அவர் கேட்டவர்களிலேயே உயர்ந்தவர்கள் இரண்டு பேர். வெர்லன் புரூவிட் தச்சர், வெள்ளைக்காரர். வீடுகளுக்குக் கூரை போடுவார், சனிக்கிழமையானால் வெள்ளைக்காரர்களின் நாட்டுப்புற இசையான கன்ட்ரி வாசிப்பார். ஹோசியா டாலிவர் புல் வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர், கறுப்பர், எழுபது வயது. அவர் வாசிப்பது ப்ளூஸ், கறுப்பர்களின் சோக இசை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பழைய பருத்தி அரவை ஆலையின் தகரக் கொட்டகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வெர்லனிடம் மஞ்சள் கிட்டார், ஹோசியாவிடம் சிவப்பு. பின்னால் ஒரு டிரம், ஒரு பேஸ் கிட்டார், அவ்வளவுதான்.

வெர்லன் ஆரம்பிப்பார். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் தந்தி மீட்டுகிற ஒரு பிளாஸ்டிக் வில்லை, மிச்ச விரல்களால் தந்தியைச் சுண்டிச் சுண்டி விடுவது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, வேகவைத்த வேர்க்கடலை தோலிலிருந்து துள்ளி விழுகிற மாதிரி விழும். ஹோசியா அவசரப்பட மாட்டார். இவர் இருபது ஸ்வரத்தில் கேட்ட கேள்விக்கு அவர் ஒரே ஒரு ஸ்வரத்தில் பதில் சொல்வார். ஒரு தந்தியை மெல்ல மேலே தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளினால் அழுதுவிடும் என்கிற இடத்தில் நிறுத்தி, அங்கேயே வைத்திருப்பார். வெர்லன் சிரித்துக்கொண்டே இன்னொரு கேள்வி கேட்பார். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் புகுந்து, ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் விழுந்து, எங்கே யார் முடித்தார் என்று தெரியாமல் போகிற கணத்தில் கொட்டகையே எழுந்து நிற்கும்.

இதையெல்லாம் டாயில் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வாசிப்பை வானொலியில் நேரடியாக ஒலிபரப்புவது அவர் பொறுப்பு. கொட்டகைக்குள் சத்தம் தாங்காது, அங்கே உட்கார்ந்தால் ஒலிகளைச் சரியான அளவில் கலந்து அனுப்ப முடியாது என்பது அவர் கட்சி. அதனால் ஒரு பழைய ரொட்டி வேனைப் பிடித்து, கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, பலகைச் சுவரில் ஓட்டை போட்டு ஒயர்களை உள்ளே இழுத்துக்கொண்டார். காதில் ஹெட்போன், முன்னால் ஒலிக் கலவைப் பலகை, பக்கத்தில் ஒரு மைக். இடது காதில் மஞ்சள் கிட்டார், வலது காதில் சிவப்பு. யார் தனியாக வாசிக்கிறார்கள் என்பதை ரேடியோவில் கேட்கிறவர்களுக்கு அவர்தான் மெல்லிய குரலில் சொல்வார். "இதோ மிஸ்டர் வெர்லன் புரூவிட்" என்பார். "இதோ நம்ம ஹோசியா" என்பார். நடுவில் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கிற தீவனக் கடையின் விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் அதே பதிவை மறுபடி போடுவார்கள்.

பதினோரு வருடம் இப்படி நடந்தது. முடிதிருத்தும் கடையில் டாயில் மார்தட்டிக்கொள்வார்.

"எனக்குக் கண்ணு எதுக்குய்யா? ஒரே கிட்டாரை ரெண்டு பேருகிட்டயும் மாத்தி மாத்திக் குடு. எது யாரு கைன்னு கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்றேன்."

நிகழ்ச்சியின் கடைசி உருப்படிக்குப் பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் 'ஓட்டம்' என்பார்கள். முதலில் சிவப்புக் கிட்டார் தனியாக, கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டித் தந்தியின்மேல் வழுக்கி வழுக்கி, நெஞ்சைப் பிசைகிற மாதிரி அழும். பிறகு மஞ்சள் கிட்டார் பிய்த்துக்கொண்டு கிளம்பும். நான்கு நிமிடம் மூச்சு விடாத ஓட்டம். டாயில் தன் வாழ்நாளில் அதற்கு மேல் ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. ஒவ்வொரு மாதமும் அதற்குச் சற்று முன்னால் கொட்டகையில் பெரிய சிரிப்பும் கைதட்டலும் கேட்கும். வெர்லன் ஏதோ ஜோக் சொல்கிறார் என்று டாயில் நினைத்துக்கொள்வார்.

அந்த ஜூலையில் வேனுக்குள் இருந்த குளிர்சாதனம் செத்துப்போனது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடுவார். மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டுக்கொள்ளும்படி நிலைய மேலாளர் சொல்லிவிட்டார். டாயில் முணுமுணுத்துக்கொண்டே போனார். கொட்டகையில் கூட்டம் நெருக்கியடித்தது. சவ அடக்கக் கம்பெனி விளம்பரத்துக்காகக் கொடுத்த அட்டை விசிறிகள் எல்லோர் கையிலும் ஆடிக்கொண்டிருந்தன.

உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முணுமுணுப்பு போய்விட்டது. வெர்லன் வேகமாக வாசிக்கும்போது ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பது பதினோரு வருடத்தில் டாயிலுக்குத் தெரியாது. ஹோசியாவின் இரண்டு கால்களும் வெவ்வேறு தாளம் போடும் என்பதும் தெரியாது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அவர் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். சின்னப் பையன் மாதிரி டாயிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் இதை விட்டுவிட்டோமே என்றுகூட இருந்தது.

கடைசி உருப்படி வந்தது. சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. டாயில் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீவனக் கடைக்கு இன்னும் ஒரு விளம்பரம் பாக்கி. அவர் தலை நிமிர்வதற்குள் சிவப்புக் கிட்டார் அழ ஆரம்பித்துவிட்டது. வாய் வழக்கப்படி மைக்கை நோக்கிப் போனது.

"இதோ நம்ம ஹோசியா. இந்தச் சோகத்தை வேற யாராலயும் வாசிக்க முடியாது நேயர்களே, இது அவங்க ரத்தத்துல ஊறினது. இதுக்கப்புறம் மிஸ்டர் வெர்லனோட மஞ்சள் கிட்டார் கிளம்பும் பாருங்க. அந்த வேகத்துக்கு இந்த மாநிலத்துலயே இன்னொரு கை கிடையாது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

சிவப்புக் கிட்டார் வெர்லனின் மடியில் இருந்தது. தச்சரின் தழும்பேறிய சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாய். மஞ்சள் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஹோசியா தன் முறைக்குக் காத்திருந்தார். கடைசி உருப்படிக்குக் கிட்டாரை மாற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். கூட்டம் பதினோரு வருடமாகச் சிரித்தது அதற்குத்தான். கொட்டகைக்கு வருகிறவர்கள் ரேடியோவில் அதை மறுபடி கேட்பதில்லை, ரேடியோவில் கேட்கிறவர்கள் கொட்டகைக்கு வருவதில்லை. கிட்டாரோடு ஒயரும் கூடவே போனதால் டாயிலின் இடது காதில் எப்போதும் மஞ்சள்தான் விழுந்தது, மஞ்சள் என்றால் அவருக்கு வெர்லன்தான்.

இந்தத் தடவை அவர் பேசியது மேடைக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு கறுப்பின அம்மாள் விசிறியை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?"

அதுவும் ஒலிபரப்பில் போனது. டாயிலின் முகத்தில் ஈயாடவில்லை. ஹோசியா ஓட்டத்தை எடுத்தார். அந்த நீளமான கறுத்த விரல்கள் தந்திகளுக்குள் புகுந்து புறப்பட்டபோது, பதினோரு வருடமாக எந்தச் சத்தத்துக்காக டாயில் உயிரை விட்டாரோ அதே சத்தம் வந்தது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மைக்கில் அவர் மறுபடி வாய் திறக்கவில்லை. தீவனக் கடை விளம்பரம் அந்த மாதம் போகவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் வெர்லனை அவர் லாரியின் பக்கத்தில் பிடித்தார்.

"மிஸ்டர் வெர்லன், எத்தனை நாளா மாத்திக்கறீங்க?"

"முதல் மாசத்துலேருந்து. ஏன், உனக்குத் தெரியாதா?"

"நீங்க ஞாயித்துக்கிழமை ரேடியோ கேக்கறதில்லையா?"

"நான் வாசிச்சதை நானே உக்காந்து கேக்கறதா? கருமம்." வெர்லன் கிட்டார் பெட்டியை லாரியில் வைத்தார். "தீவனக் கடையில நாலு பேரு வந்து ஓட்டம் பிரமாதம்னு கையக் குலுக்குவாங்க. முதல்ல ரெண்டு தடவை, அய்யா அது நான் இல்ல, ஹோசியான்னேன். நம்பணுமே! எவ்வளவு அடக்கமான மனுசன்னு இன்னும் கொஞ்சம் பாராட்டினாங்க. அப்புறம் நானும் விட்டுட்டேன்." சொன்னவர் டாயிலின் முகத்தைப் பார்க்காமல் லாரியில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் டாயில் பழைய ஒலிநாடாக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் அவர் கையெழுத்து. 'ஓட்டம், வெர்லன், அபாரம்.' 'ஓட்டம், வெர்லன், போன மாதத்தைவிட அபாரம்.' ஒன்றைப் போட்டார். அவர் குரலே வந்தது, அவங்க ரத்தத்துல ஊறினது என்று. இன்னொன்றைப் போட்டார். அதிலும் அதே வாக்கியம். எத்தனை மாதம் இதைச் சொல்லியிருக்கிறோம்? கூரை வேய்கிற ஒரு வெள்ளைக்காரத் தச்சனின் வாசிப்பைக் கேட்டுக் கண்கலங்கி, அதற்கு ரத்தக் காரணம் வேறு கண்டுபிடித்துச் சொன்ன மேதாவி! அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நோரீன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹோசியாகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க."

"என்னத்தச் சொல்றது?"

"எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க. கல்யாணமாகி முப்பது வருசத்துல உங்க வாயிலேருந்து அது வந்து நான் கேட்டதில்ல. வராமலா போயிடும்?"

செவ்வாய்க்கிழமை காலை நோரீன் சுட்ட கேக்கை ஒரு துணியில் மூடி எடுத்துக்கொண்டு டாயில் ஹோசியாவின் வீட்டுக்குப் போனார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. முற்றம் முழுக்கப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்ட புல்வெட்டிகள். ஹோசியா ஒரு மரமுக்காலியில் உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ்டர் டாயில். எந்த மிஷின் மக்கர் பண்ணுது?"

"மிஷின் இல்ல, ஹோசியா. நான்தான்." டாயில் கேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. ஓட்டத்தைப் பற்றி, பெயரை மாற்றிச் சொன்னதைப் பற்றி, ரத்தம் என்று சொன்னதைப் பற்றி, தாறுமாறாக எதையோ உளறி முடித்தார்.

ஹோசியா பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? எனக்குத்தான் ஆரம்பத்துலேயே தெரியுமே."

"என்ன தெரியும்?"

"நீங்க வேணும்னே சொல்றீங்கன்னு. விளம்பரம் குடுக்கறவங்க இருக்காங்க, மேலாளர் இருக்காரு. கன்ட்ரியை ஒரு கறுப்பன் இப்படி வாசிக்கறான்னு ரேடியோவுல சொன்னா நாலு பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. நீங்க உங்க பொழப்பைப் பாக்கணும்ல? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. அதை அப்பவே விட்டுட்டேன்."

டாயிலுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆமாம் ஹோசியா, அந்தக் காலம் அப்படி, எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கோழை என்ற பெயர் வரும். அந்தக் கோழையைத்தான் இந்த மனிதர் ஏற்கெனவே மன்னித்துவிட்டாரே. காது தப்பித்துவிடும். அந்தக் காது இல்லாமல் டாயில் ஹேஸ்கெட் என்ற ஆளிடம் வேறு என்ன இருக்கிறது? தலையை ஆட்டத்தான் போனார். பாதி ஆட்டிவிட்டார் என்றே சொல்லலாம்.

"இல்ல ஹோசியா," என்றார். "எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. வெர்லன்னுதான் நினைச்சேன்."

"தெரியலையா?"

"தெரியல."

"அதே கையைப் பாட்டுக்குப் பாட்டு கேட்டுட்டு, கடைசிப் பாட்டுல மட்டும் தெரியலையா?"

"தெரியல."

ஹோசியா வாய்விட்டுச் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சின்ன வயசுல எங்க வீட்டு ரேடியோவுல கன்ட்ரியைத் தவிர வேற என்ன வந்துச்சு மிஸ்டர் டாயில்? அதைக் கேட்டுத்தான் விரலே பழகினேன். வெர்லனுக்கு அந்தக் கண்ணாடிக் குழாயை மாட்டிவிட்டது எங்க சித்தப்பா." பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "ஒண்ணு கேக்கட்டுமா? ஓட்டத்தைக் கேக்கறப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அதுக்கு மேல ஒரு வாசிப்பு இல்லன்னு இருந்துச்சு."

"வெர்லன் வாசிக்கறாருன்னு நினைச்சதால அப்படி இருந்துச்சா?"

டாயில் கேக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். தரையில் கிடந்த ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹோசியா வீட்டின் பக்கம் கையைக் காட்டினார். சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது.

"என் சம்சாரம் எர்னஸ்டின் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதைப் போட்டுட்டுத்தான் சமைப்பா. ஓட்டம் வந்து நீங்க பேரைச் சொன்னதும் பட்டுனு அணைச்சிடுவா. அந்த மனுசன் செவிடான்னு கேப்பா. செவிடு இல்லடி, அவருக்கு நல்லாவே தெரியும், அவரு காது மாதிரி காது இந்த ஊருல கிடையாது, பொழப்புக்காகச் சொல்றாருன்னு நான் சொல்லுவேன். அவ ஒத்துக்கவே மாட்டா. பதினோரு வருசம் மிஸ்டர் டாயில், மாசத்துக்கு ஒரு தடவை உங்களுக்காக எனக்கும் அவளுக்கும் சண்டை." அவர் ஸ்பானரைக் கையில் எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். "போன மார்ச்சுல போயிட்டா. அவ சொன்னதுதான் சரின்னு இப்ப நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

டாயில் ஜன்னலில் இருந்த அந்த ரேடியோவைப் பார்த்தார்.

"கேக்கை உள்ள வச்சுட்டுப் போங்க," என்றார் ஹோசியா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று டாயில் நினைத்தார். ஆள் இல்லாத அந்தச் சமையலறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் கேக்கை வைத்துவிட்டு, திருடன் மாதிரி வெளியே வந்தார்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை வேனின் குளிர்சாதனம் சரியாகிவிட்டிருந்தது. டாயில் மேஜையை மேடைப் பக்கத்திலேயே போடச் சொன்னார். கடைசி உருப்படிக்கு முன்னால் மைக்கை எடுத்தார். பதினோரு வருடமாகத் தான் தப்பான பெயரைச் சொல்லி வந்ததாகவும், அழுத கிட்டார் மிஸ்டர் வெர்லன் புரூவிட் வாசித்தது என்றும், ஓடிய கிட்டார் மிஸ்டர் ஹோசியா டாலிவர் வாசித்தது என்றும், ரத்தத்தைப் பற்றிப் பேசியது மடத்தனம் என்றும், அப்படிப் பேசும்படி யாரும் தன்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்றும் சொன்னார். முடிதிருத்தும் கடையிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

முன்வரிசை அம்மாள் விசிறியை நிறுத்தாமல், "ஒருவழியா" என்றார். ஹோசியா இவர் பக்கம் திரும்பவில்லை. வெர்லனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டம் கிளம்பியது. ஹோசியாவின் விரல்களை டாயில் கண்கொட்டாமல் பார்த்தார். ஒவ்வொரு ஸ்வரமும் எந்த விரலிலிருந்து புறப்படுகிறது என்று பார்த்தார். இனிமேல் இந்தக் கையை எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும் என்று தோன்றியது. அதைச் சோதித்துப் பார்க்க, பாதி ஓட்டத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியதுமே வெர்லன் வாசித்தார். அதே வெர்லன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சள் கிட்டாரை வைத்துக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். டாயில் எவ்வளவு முயன்றும் அந்தக் காது வேறு பெயர் சொல்லவில்லை. அவர் கண்ணைத் திறந்துகொண்டார். பாட்டு முடிகிறவரை மறுபடி மூடவே இல்லை.